துபாசியை இழந்த கருவி

இசைக்கருவி ஒன்று பழுதுபடுவதற்குக் காரணங்கள் பல உண்டு. வீணையின் தந்தி அறும். மெட்டுக்களைத் தாங்கும் மெழுகு வெப்பத்தில் இளகும். மிருதங்கத்தின் தோல் கிழியும். ஆர்மோனியத்தின் துருத்தி ஓட்டைவிழும். இவை யாவும் கண்ணாற் காணத்தக்க குறைகள். கைதேர்ந்த ஒருவரிடம் கொடுத்தாற் சில நாளிற் சீராகிவிடும். ஆனால், கருவியில் எவ்விதக் குறையும் இல்லாதிருக்க, ஒரே இரவில் அஃது ஊமையாகிவிடுவது முன்னோர் அறியாத துன்பமாகும். கணினியைக் கொண்டு இசையையும் பேச்சையும் பதிவு செய்வோரை இத்துன்பம் இன்று அடிக்கடி வந்தடைகின்றது.

வீட்டின் ஓர் அறையையே ஒலிப்பதிவுக் கூடமாக்கிக்கொண்ட பாடகர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவரிடம் ஓர் ஒலிவாங்கியும், பத்தாண்டுகளாக உழைத்துவரும் ஓர் ஒலி இடைமுகமும், ஒரு கணினியும் உள்ளன. ஒரு நாள் மாலை, புதிய பணிசெயல் முறைமை ஆயத்தமாக உள்ளதென்று கணினித் திரையில் ஓர் அறிவித்தல் தோன்றுகிறது. அவர் இசைவு தெரிவித்துவிட்டு உறங்கச் செல்கிறார். மறுநாட் காலை இடைமுகத்தின் விளக்கு வழமைபோல ஒளிர்கிறது. கணினியோ, அப்படியொரு கருவி இருப்பதையே அறியாததுபோல் இருக்கின்றது. பக்கவாத்தியக்காரர் வரும் நேரம் நெருங்குகிறது. வடத்தை மாற்றிப் பார்க்கிறார்; கணினியை நிறுத்தித் தொடக்கிப் பார்க்கிறார். பயனில்லை. கருவி கெட்டதா என்றால் இல்லை. கணினி கெட்டதா என்றால் அதுவும் இல்லை. இரண்டுக்கும் நடுவே நின்று பேச்சைக் கொண்டுசென்ற துபாசி மறைந்துபோயினான் என்பதே உண்மை.

இந்தத் துபாசி யார் என்பதை அறிவதற்கு, ஒலி இடைமுகம் என்னும் கருவி செய்யும் தொழிலை முதலில் அறிதல் வேண்டும். பாடகரின் குரல் காற்றில் அலையாகப் பரவுகின்றது. ஒலிவாங்கி அவ்வலையை மின்னலையாக்குகின்றது. ஆனால் கணினிக்கு அலை விளங்காது, எண்ணே விளங்கும். ஆகவே மின்னலையின் உயரத்தை மிகக் குறுகிய இடைவேளைகளில் அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதி அனுப்பும் வேலையை இடைமுகம் செய்கின்றது. 1982ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த இறுவட்டில் ஒரு செக்கனுக்கு 44,100 அளவீடுகள் உள்ளன. ஒளிபரப்புத் துறையிலே பெரிதும் வழங்குவது 48,000 அளவீடுகள் கொண்ட முறையாகும். ஒவ்வோர் அளவீடும் 24 பிற்றுக்களில் எழுதப்படுமாயின், மிக மெல்லிய ஓசைக்கும் மிக வலிய ஓசைக்கும் இடையே ஒரு கோடியே 67 இலட்சத்துக்கு மேற்பட்ட படிகளைக் குறித்தல் கூடும். இவ்வாறு இரண்டு ஒலிவாங்கிகளைப் பதிவு செய்யும்போது, செக்கனுக்கு 288,000 பைட் தரவு கணினிக்குள் இடையறாது பாய்கின்றது. பாடுவோர் காதணியில் இசையைக் கேட்பதற்காக, இதேபோன்ற இன்னொரு பெருக்கு எதிர்த்திசையிலும் செல்லுதல் வேண்டும்.

இனி, கணினியின் பக்கத்தை நோக்குவோமாயின், அங்கே எல்லாக் காரியங்களையும் மேற்பார்வை செய்வது பணிசெயல் முறைமை. விண்டோஸ், மக் ஓ.எஸ்., லினக்ஸ் என்பன அத்தகையன. உலகிலுள்ள எண்ணிறந்த கருவிகளின் உள்ளமைப்பை எல்லாம் இம்முறைமை தானாக அறிந்திருத்தல் இயலாது. எந்தக் கட்டளையை அனுப்பினால் இடைமுகம் விழிக்கும், எந்த ஒழுங்கில் எண்கள் வரும், பிழை நேர்ந்தால் எவ்வாறு மீள்வது என்பனவற்றைக் கருவியைச் செய்தவரே அறிவார். அவர் அவ்வறிவை ஒரு சிறிய மென்பொருளாக எழுதித் தருகின்றார். அதற்கு இயக்கி என்று பெயர். ஐரோப்பிய வணிகர் கீழைநாட்டுத் துறைமுகங்களுக்கு வந்த காலத்தில், வந்தவர் மொழியையும் உள்ளூர் மொழியையும் அறிந்த துபாசி இல்லாமல் ஒரு மூடை மிளகும் கைமாறியதில்லை. கருவியின் மொழியையும் முறைமையின் மொழியையும் ஒருங்கே அறிந்த இயக்கியும் அத்தகையதே.

ஏனைய மென்பொருள்களுக்கும் இயக்கிக்கும் ஒரு பெரு வேறுபாடு உண்டு. கடிதம் எழுதும் மென்பொருளோ படம் வரையும் மென்பொருளோ கோட்டையின் வெளிமுற்றத்தில் வேலைசெய்யும் ஆட்களைப் போன்றவை. அவற்றில் ஒன்று தடுமாறி விழுந்தால் அந்த ஒன்றுக்கே நட்டம். இயக்கிகளிற் பல, முறைமையின் கருப்பகுதி எனப்படும் உள்மனையிலேயே வாழ்வன. அங்கே அவற்றுக்கு எல்லா அறைகளும் திறந்திருக்கும். உள்மனையில் ஒருவர் தவறிழைத்தால் கோட்டை முழுவதும் வீழும். கணினி அந்தக் கணமே நின்றுவிடும். இக்காரணத்தினாலே முறைமையை ஆக்குவோர், உள்மனைக்குள் யார் வரலாம் என்பதில் ஆண்டுதோறும் கண்டிப்பை மிகுவித்து வருகின்றனர். புதிய பதிப்பு வரும்போது பழைய இயக்கி வாயிலிலே தடுத்து நிறுத்தப்படுவதன் முதற்காரணம் இதுவே.

ஒலிக்கருவியின் இயக்கிக்கு மேலும் ஒரு சுமை உண்டு, அது காலத்தாழ்ச்சி. அச்சுப்பொறி ஒன்று அரைச் செக்கன் தாமதித்தால் யாருக்கும் இழப்பில்லை. ஆனால் பாடுபவருடைய குரல் அவர் காதுக்கே தாமதித்து வருமாயின் தாளம் குலையும். கணினி பல வேலைகளை மாறி மாறிச் செய்வதால், வரும் எண்களைச் சிறிது நேரம் தேக்கிவைத்து அனுப்புதல் இன்றியமையாததாகின்றது. இத்தேக்கம் வயலுக்கு மேலேயுள்ள குளத்தைப் போன்றது. குளம் பெரிதாயின் நீர் வற்றாது; ஆனால் புதுநீர் வயலை அடைய நேரமாகும். குளம் சிறிதாயின் நீர் விரைந்து சேரும். ஒரு நொடி வரவு தடைப்பட்டாலும் வாய்க்கால் வறளும். ஒலியில் அவ்வறட்சியே படபடவென்ற வெடிப்பாகக் கேட்கின்றது. 48,000 அளவீட்டு முறையில், 512 அளவீடுகள் கொண்ட தேக்கம் ஏறக்குறைய 10.7 மில்லிசெக்கன் தாமதத்தை உண்டாக்கும். அது மூன்றரை மீற்றருக்குச் சற்று அப்பால் நின்று பாடுவோரின் குரல் காதை வந்தடையும் நேரத்துக்கு ஒப்பாகும். 64 அளவீடுகளாகக் குறைத்தால் தாமதம் 1.3 மில்லிசெக்கனாகும். உள்ளே வருவதற்கு ஒன்றும் வெளியே செல்வதற்கு ஒன்றுமாக இரு தேக்கங்கள் இருப்பதால் மொத்தத் தாமதம் இதனினும் கூடும்.

விண்டோஸ் முறைமையின் பொதுவான ஒலிவழி இத்தகைய விரைவை முன்னாளில் தரவில்லை. ஆதலால் ஜேர்மனியின் ஹம்பர்க் நகரைச் சேர்ந்த ஸ்டைன்பேர்க் நிறுவனம் 1997ஆம் ஆண்டில் ஏசியோ என்னும் தனிவழியை வகுத்தது. முறைமையின் ஒலிக்கலப்புப் பகுதியை விலக்கி, பதிவு செய்யும் மென்பொருளும் இடைமுகமும் நேரே பேசிக்கொள்ள இது வழிசெய்தது. இசைத் தொழிலுக்கு இது பெரும் பேறாயிற்று. எனினும், விரைவுக்காகத் தனிவழி செல்லும் இயக்கிகள் முறைமையின் உள்ளமைப்போடு நெருங்கிப் பிணைந்தவை. நெருங்கிப் பிணைந்தது எதுவோ, வீடு இடித்துக் கட்டப்படும்போது முதலில் உடைவதும் அதுவே.

வீடு இடித்துக் கட்டப்பட்ட சந்தர்ப்பங்கள் சில இங்கே குறிப்பிடத்தக்கவை. 2007ஆம் ஆண்டு ஜனவரியில் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்ட விண்டோஸ் விஸ்டா, ஒலிக்குரிய வேலைகளிற் பெரும்பகுதியைக் கருவிலிருந்து அகற்றி வெளிமுற்றத்துக்குக் கொண்டுவந்தது. நோக்கம் நல்லதே, ஒலியில் நேரும் பிழை கணினியை வீழ்த்தாதிருக்க வேண்டும் என்பதாகும். ஆனால் பழைய ஒலிப்பாதையை நம்பியிருந்த இயக்கிகள் பல தடுமாறின. அதே விஸ்டாவின் 64 பிற்றுப் பதிப்பு, இலக்கமுறைக் கையொப்பம் இல்லாத இயக்கியைக் கருவுக்குள் ஏற்க மறுத்தது. 2016ஆம் ஆண்டின் விண்டோஸ் 10 பதிப்பொன்றிலிருந்து, புதிதாக எழுதப்படும் கரு இயக்கிகள் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் கையொப்பத்தையே பெறவேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வந்தது.

கணினியின் சொல்நீளமும் செயலியும் மாறுவது இன்னொரு காரணம். 32 பிற்றுக்கு எழுதப்பட்ட சாதாரண மென்பொருள் 64 பிற்று விண்டோஸில் ஓடும். 32 பிற்று இயக்கி ஓடாது. 2021ஆம் ஆண்டில் வெளியான விண்டோஸ் 11 ஒரு கணினியில் 64 பிற்று வடிவிலேயே கிடைக்கின்றது. ஆம் வகைச் செயலியில் இயங்கும் விண்டோஸ் கணினிகளும் இன்று விற்பனையாகின்றன. இன்ரெல் செயலிக்கென எழுதப்பட்ட மென்பொருளை அவை உள்ளேயே மொழிமாற்றி ஓட்டவல்லன. ஆயினும் இயக்கிக்கு அச்சலுகை இல்லை. அது ஆம் செயலிக்கெனப் புதிதாக ஆக்கப்பட்டிருத்தல் வேண்டும். அப்பிள் நிறுவனம் 2020ஆம் ஆண்டில் தன் சொந்தச் செயலிக்கு மாறியபோதும் இதுவே நேர்ந்தது. அந்தக் கணினிகளிலே பழைய முறையிலான கரு இயக்கியைச் சேர்க்க விரும்புபவர், கணினியை மீட்புநிலையில் தொடக்கி, பாதுகாப்பின் தரத்தைத் தாமே குறைத்து ஒப்புதல் அளித்தல் வேண்டும். மறு ஆண்டிலே, ஒலிக்கருவிகளின் இயக்கியைக் கருவுக்கு வெளியே அமைப்பதற்கான புதிய முறையொன்றை அப்பிள் அளித்தது. அதன்படி எழுதுவதென்றால் பழைய இயக்கியைத் திருத்தினாற் போதாது; பெரும்பாலும் மீள எழுதுதல் வேண்டும்.

இவையெல்லாம் இயக்கி மாறிய கதைகள். வடமும் வாயிலுமே மறைந்துபோன கதை ஒன்றும் உண்டு. பயர்வயர் என்னும் இணைப்பு முறை 1995ஆம் ஆண்டில் சர்வதேசப் பொறியியலாளர் அமைப்பான ஐ.இ.இ.இ.யின் 1394ஆம் இலக்க நியமமாக ஏற்கப்பட்டது. அதனை உருவாக்குவதில் முன்னின்றது அப்பிள் நிறுவனம். குறித்த அளவு தரவு குறித்த நேரத்திற் சென்றடையும்படி வழியை முன்பதிவு செய்துவைக்கும் ஆற்றல் அதற்கு இருந்தது. இசைக்கும் காணொளிக்கும் இதனினும் ஏற்றது அந்நாளில் அரிதென்றே கூறலாம். 2001ஆம் ஆண்டில் தொலைக்காட்சித் துறையின் எமி விருதொன்று பயர்வயருக்காக அப்பிளுக்கு வழங்கப்பட்டது. இரண்டாயிரத்தின் முதற் பத்தாண்டில் உயர்தர ஒலி இடைமுகங்கள் பல இவ்வழியையே நம்பிச் செய்யப்பட்டன. அவை இரும்புப் பெட்டியும் நல்ல முன்பெருக்கியும் கொண்ட உறுதியான கருவிகள். பல இன்றும் பழுதின்றி இருக்கின்றன.

ஆனால் மலிவும் பரவலும் யூ.எஸ்.பி. இணைப்பின் பக்கம் நின்றன. பயர்வயர் வாயில் கொண்ட கடைசி மக் கணினியின் விற்பனை 2016ஆம் ஆண்டில் நின்றது. அதன் பின்னும் இடைப்பொருத்தியின் உதவியால் பழைய கருவிகள் பேசிவந்தன. 2025ஆம் ஆண்டு செப்டெம்பரில் வெளியான மக் ஓ.எஸ். 26இல் பயர்வயருக்கான ஆதரவு நீக்கப்பட்டது. அந்தப் பதிப்பை ஏற்ற கணினியில் அக்கருவிகள் எந்தப் பொருத்தியாலும் பேசமாட்டா. முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் அதை உலகுக்குக் கொணர்ந்த நிறுவனமே இறுதியிற் கதவையும் சாத்தியது. லினக்ஸ் முறைமையிலோ, பயர்வயர்ப் பகுதியை 2029ஆம் ஆண்டுவரை பராமரிக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டுள்ளது. ஆகவே ஒரே இடைமுகம் ஒரு முறைமையில் ஊமையாகவும் இன்னொன்றிற் பேச்சுடையதாகவும் இருத்தல் கூடும். ஊமைத்தன்மை கருவியிலே இல்லை என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அவ்வாறாயின், புதிய முறைமைக்கேற்ற இயக்கியை உற்பத்தியாளர் ஏன் எழுதித் தரவில்லை என்னும் வினா எழும். இதற்கு விடை பொறியியலில் அன்று, வணிகத்தில் உள்ளது. கருவி விற்கும் நாளில் ஒருமுறை பணம் வருகின்றது. இயக்கியைப் பேணும் செலவோ ஆண்டுதோறும் வருகின்றது. விற்பனை நின்ற மாதிரிக்கு ஒரு பொறியியலாளரைப் பல மாதம் அமர்த்துவதைப் பெரும்பாலான கம்பனிகள் இலாபமெனக் கருதுவதில்லை. உள்ளிருக்கும் சில்லைச் செய்தவர் ஒருவர், பெட்டியைச் செய்தவர் வேறொருவர் என்னும் நிலையில், முன்னவர் தொழிலை விட்டகன்றால் பின்னவருக்கும் வழியில்லை. இயக்கியின் மூலநிரல் மறைவாக இருப்பதால் வெளியார் எவரும் அதைத் திருத்தவும் முடியாது. விலைகொடுத்து வாங்கியவர் கையில் இரும்புப் பெட்டி உண்டு. அதைப் பேசவைக்கும் சொல் அவர் கையில் இல்லை. இந்த விவகாரத்தின் கருப்பொருள் இதுவே.

இக்குறைக்குப் பரிகாரம் என்ன? துபாசியின் தேவையையே குறைத்துவிடும் பொதுமொழி ஒன்று வேண்டும். அத்தகைய பொதுமொழி 1998ஆம் ஆண்டிலேயே தோன்றிற்று. யூ.எஸ்.பி. ஒலிவகுப்பு நியமம் என்பது அதன் பெயர். தான் எத்தனை வழிகள் உடையது, எந்த அளவீட்டு வேகங்களை அறிந்தது என்பனவற்றைக் கருவியானது எல்லோருக்கும் பொதுவான ஒரு வடிவிற் கணினிக்குத் தானே கூறிவிடும். அவ்வாறு கூறும் கருவிக்குத் தனி இயக்கி வேண்டியதில்லை; முறைமையோடு கூடவே வரும் பொது இயக்கி போதும். பல வழிகளையும் உயர் வேகங்களையும் தாங்கவல்ல இரண்டாம் பதிப்பு 2006ஆம் ஆண்டில் வெளிவந்தது. இதனை மக் முறைமை 2010ஆம் ஆண்டில் ஏற்றது. விண்டோஸ் ஏற்றதோ 2017ஆம் ஆண்டின் பதிப்பில்தான். இடைப்பட்ட ஆண்டுகளில், ஒரே கருவி மக் கணினியில் இணைத்தவுடன் பாடவும், விண்டோஸில் தனி இயக்கிக்காகக் காத்திருக்கவும் நேர்ந்தது.

லினக்ஸில் ஒலியைக் கவனிக்கும் ஆல்சா என்னும் பகுதி 1998ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, 2003ஆம் ஆண்டின் கருப்பதிப்போடு நிலைபெற்றது. அதன் மூலநிரல் யாவருக்கும் திறந்தது. பொது நியமத்திலிருந்து சிறிது வழுவிய கருவிகளின் வழுக்களைத் தொகுத்த பட்டியல் ஒன்றும் அதில் உண்டு. ஒரு கருவியை வைத்திருப்பவர் அதன் குறையைக் கண்டு ஒருமுறை திருத்தம் அளித்தால், அந்த மாதிரியை உடைய எல்லோருக்கும் அது பயன்படும். 2024ஆம் ஆண்டில் மைக்ரோசொப்ட் நிறுவனமும், ஏசியோ வழியை உள்ளடக்கிய பொது யூ.எஸ்.பி. ஒலி இயக்கியொன்றை யமஹா, குவல்கொம் ஆகிய நிறுவனங்களோடு இணைந்து ஆக்குவதாக அறிவித்தது. தனித்தனித் துபாசிகளின் காலம் மெல்ல மெல்ல முடிந்துவருவதற்கு இஃது ஓர் அறிகுறி எனலாம்.

எனினும் பொதுமொழி எல்லாவற்றையும் சொல்லிவிடாது. இடைமுகத்தின் உள்ளே ஒலிகளைக் கலக்கும் பகுதி, எதிரொலி சேர்க்கும் பகுதி முதலிய தனிச்சிறப்புகளைத் திருப்புவதற்கு உற்பத்தியாளரின் மென்பொருளே பல கருவிகளில் வேண்டியிருக்கும். கைப்பிடித் திருகுகளும் பொத்தான்களும் பெட்டியின் முகத்திலேயே அமைந்த கருவி இவ்வகையில் நீண்ட ஆயுள் உடையது. விரலுக்கு இயக்கி வேண்டியதில்லை அன்றோ!

ஒலிப்பதிவைத் தொழிலாகக் கொண்டோர் இதிலிருந்து கொள்ளத்தக்க நடைமுறைப் பாடங்கள் சில உண்டு. ஆழம் அறியாமல் காலை விடாதே என்னும் முதுமொழி புதிய முறைமைக்கும் பொருந்தும். அறிவித்தல் தோன்றியதும் இசைவு தெரிவியாது, தம் கருவியின் மாதிரி இலக்கத்தையும் புதிய முறைமையின் பெயரையும் கொண்டு, உற்பத்தியாளர் வெளியிடும் பொருத்தப் பட்டியலை முதலிற் பார்த்தல் வேண்டும். ஏற்றுக்கொண்ட வேலை பாதியில் இருக்கும்போது முறைமையை மாற்றுதல் தகாது. மாற்றும் முன்னர் வட்டு முழுவதற்கும் ஒரு பிரதி எடுத்து வைத்தால், மாற்றம் தோல்வியுற்றாலும் பழைய நிலைக்கு மீளலாம். வேறொரு வட்டிலே புதிய முறைமையை நிறுவிச் சோதித்துப் பார்ப்பது அதனினும் நன்று.

பழைய முறைமையிலேயே நின்றுவிடுதல் எளிய வழியாகத் தோன்றும்; அதிலும் ஓர் இடர் உண்டு. விண்டோஸ் 10 முறைமைக்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவுற்றது. பாதுகாப்புத் திருத்தம் பெறாத கணினியை இணையத்தில் உலவவிடுவது தாழிடாத வீட்டுக்கு ஒப்பாகும். ஆகவே பழைய கருவியைப் பிரிய மனமில்லாதவர், பழைய கணினியொன்றை இணையத்திலிருந்து துண்டித்து, ஒலிப்பதிவுக்கென்றே ஒதுக்கி வைத்தல் நலம். கணினிப் பயிற்சி உடையவர் லினக்ஸையும் முயன்று பார்க்கலாம். புதிதாக வாங்குவோரோ, விலையையும் வழிகளின் எண்ணிக்கையையும் கேட்கும் முன்னர், தனி இயக்கி இல்லாமலே இக்கருவி இயங்குமா என்னும் கேள்வியை விற்பவரிடம் கேட்டல் வேண்டும்.

முறைமையை ஆக்குவோர் பாதுகாப்பைக் கருதிக் கதவுகளை இறுக்குவதைக் குற்றமென்று தள்ளிவிட முடியாது. அவ்விறுக்கத்தினாலே கோடிக்கணக்கான கணினிகள் தீங்கிலிருந்து காக்கப்படுகின்றன. ஆனால் அக்காப்பின் விலையை, நல்ல நிலையிலுள்ள கருவியைக் குப்பையில் எறியும் ஏழைக் கலைஞர் ஒருவரே செலுத்த நேர்வது முறையன்று. ஒரு வீணையை வாங்கியவர் அதைத் தம் பேரப்பிள்ளைக்குக் கொடுத்தல் கூடும். ஏனெனில் அதற்கும் வாசிப்பவர் விரலுக்கும் இடையே வேறெவரும் இல்லை. கணினிக்குரிய ஒலிக்கருவிக்கு அத்தகைய நீண்ட வாழ்வு கிட்டவேண்டுமாயின், அதன் மொழி ஒரு கம்பனியின் பெட்டகத்தில் பூட்டப்பட்டிராமல், எல்லோரும் கற்கத்தக்க பொதுமொழியாக விளங்குதல் வேண்டும்.